நாளைக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

ஜன்னலைத் திறந்ததற்குக் கையெழுத்துப் போடுகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போடா வேலையைப் பார் என்றிருப்பேன். இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கிற அந்த ஊரில்தான் நான் குடியிருந்தேன். என் சமையலறைக் கதவில் ஒரு தாள் தொங்கியது. காலை ஒரு கட்டம், மாலை ஒரு கட்டம். எத்தனை மணிக்குத் திறந்தேன், எத்தனை மணிக்கு மூடினேன், பக்கத்தில் என் கையெழுத்து. வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு மாடியிலிருந்து வீட்டுக்காரி இறங்கி வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படிப்பாள்.

அவள் பெயர் குட்ரூன் ஹாபர்கோர்ன். அறுபத்தெட்டு வயது. முதுகு வளையாத பெண்பிள்ளை. என்னை நேல்யா என்று கூப்பிடவே மாட்டாள், எப்போதும் ‘ஃப்ராவ் கொஜுஹார்’, அதாவது திருமதி கொஜுஹார்தான். தன் வீட்டின் கீழ்ப்பகுதியை, இரண்டு அறையும் சமையலறையும், போருக்குத் தப்பி வந்த எங்களைப் போன்ற உக்ரைன்காரர்களுக்கு என்று கொடுத்திருந்தாள். கொடுத்ததை ஊரே அறியும். ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாத கிழவர்கள்கூட என்னிடம், “ஹாபர்கோர்ன் வீட்டுல இருக்கீங்களே, குடுத்து வச்சவங்க” என்பார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் மாட்டைக் கொடுத்தவள் வாராவாரம் வந்து என் பல்லைப் பிடித்துப் பார்த்தால் என்ன செய்வது?

எனக்கு மட்டும் என்றால் எந்த மூலையிலும் கிடந்திருப்பேன். இங்கே வந்த புதிதில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்தில், நூற்றுப்பத்துப் பேரோடு, நடுவில் போர்வை கட்டிக்கொண்டு நான்கு மாதம் படுத்திருந்தவள் நான். இந்த வீடு பனாஸுக்காக. பனாஸ் என் கணவன். ஏப்ரலில், போரில், அவனுடைய வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. போர்க்காலத்தில் ஆண்கள் வெளியே போகத் தடை; எழுத்து வேலையெல்லாம் முடிந்து, இவன் நாட்டைவிட்டு வெளியே போகலாம் என்று முத்திரை விழ ஏழு மாதம் ஆயிற்று. டிசம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, பேருந்தில் வருகிறான். ஹாபர்கோர்ன் வீட்டுக் கீழ்ப்பகுதிக்கு ஒரு படிகூட இல்லை. குளியலறைக் கதவு அகலம். ஆனால் ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. அடுத்த வருடத்துக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பனாஸுக்கு வீடு உண்டு. போடாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரான மிக்கொலாயிவில் அக்டோபர் வந்தால் ஜன்னலை ஒட்டுவோம். பழைய தாளை நீளநீளமாகக் கிழித்து, சோப்பைக் குழைத்துத் தடவி, இடுக்கு விடாமல் ஒட்டினால் வசந்தம் வரைக்கும் கவலையில்லை. குளிரால் யாரும் சாவதில்லை, இடுக்கு வழியாக வருகிற காற்றுதான் ஆளைக் கொல்லும். கழுத்துப் பிடிப்பு, காது வலி, சிறுநீரகக் கோளாறு, எல்லாம் அதனால்தான். இது மிக்கொலாயிவில் பாலர் பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே அக்டோபரில் ஒரு ஞாயிறு நான் உட்கார்ந்து எல்லா ஜன்னலையும் ஒட்டினேன். ஜெர்மன்காரன் ஜன்னலில் இடுக்கே கிடையாது, சுற்றிலும் ரப்பர். அதனால் என்ன, எங்கே இடுக்கு வரக்கூடுமோ அங்கே ஒட்டினேன்.

நவம்பர் நடுவில் ஹாபர்கோர்ன் ஹீட்டரைப் பார்க்க வந்தாள். படுக்கையறையில் அலமாரிக்குப் பின்னால் சுவர் பூஞ்சை பிடித்து, அடிப்பிடித்த சட்டியைப் போலக் கறுத்திருந்தது. நான் அதை ஏற்கெனவே பார்த்திருந்தேன். பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். அவள் விரலால் தொட்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

“இது என்ன?”

“காகிதம்.”

“காகிதம்னு கண்ணுக்குத் தெரியுது. ஜன்னல்ல எதுக்கு?”

“குளிருக்கு.”

“அப்ப இதை நீங்க திறக்கறதே இல்லையா?”

“வசந்தம் வந்தா கிழிச்சிடுவோம்.”

“வசந்தமா!” அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஹீட்டர் மேல் காய்ந்த என் துணிகளைப் பார்த்தாள், அடுப்பில் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த எலும்புச் சாறைப் பார்த்தாள். “நீங்க விடற மூச்சு, துணியில இருக்கற ஈரம், இந்த ஆவி, எல்லாம் எங்க போகும்? என் சுவத்துக்குள்ளதான் போகும். எங்க அப்பா கட்டின வீடு இது!”

“எனக்கு வீடே இல்ல,” என்றேன். அது பதில் இல்லைதான். வாயில் வந்தது.

“அதுக்கு என் வீட்டை அழுக விடணுமா?” என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் உதவி மையத்துக்குப் போனேன். தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு அறை. பழைய துணி, பழைய சட்டி பானை, படிவம் நிரப்ப மூன்று மேசை. மூன்றாவது மேசையில் ஸொலோமியா உட்கார்ந்திருப்பாள். எங்கள் நாட்டு லிவீவ் நகரத்துப் பெண், இருபத்தெட்டு வயது. படிக்க வந்து, இங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டவள். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்துப் போனேன்.

“நேல்யாக்கா, தப்பு உங்களோடதுதான்,” என்றாள், எடுத்த எடுப்பிலேயே.

“நீயும் அவளோட சேர்ந்துட்டியா?”

“சேர்றதும் இல்ல, பிரியறதும் இல்ல. சுவர் கறுத்தா இங்க கோர்ட்டு வரைக்கும் போவாங்க. தரைத்தள வீட்டுக்கு என் பட்டியல்ல நாப்பது குடும்பம் காத்திருக்கு. சக்கர நாற்காலியோட ஆறு பேர். நீங்க இதை விட்டீங்கன்னா பனாஸ் அண்ணனை மூணாவது மாடிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும். லிஃப்ட்டும் இல்ல.”

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கையேட்டை நீட்டினாள். எங்கள் மொழியில் அச்சடித்தது. படம் போட்டிருந்தது: ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஜன்னலை அகலத் திறக்கிறாள், பக்கத்தில் கடிகாரம், பத்து நிமிடம். குண்டுக்கு எப்படி ஒதுங்குவது என்று எங்களுக்கு யாரும் படம் போட்டுத் தரவில்லை, நாங்களாகவே கற்றுக்கொண்டோம். ஜன்னல் திறக்கப் படம் போட்டுத் தருகிறார்கள்.

“இதைப் படிக்கறதுக்கா நான் ரெண்டு எல்லை தாண்டி வந்தேன்?”

“ஆமா. இதையும் படிக்கணும்,” என்றாள் அந்தக் குட்டி, சற்றும் அசராமல்.

அவள்தான் ஹாபர்கோர்னிடம் போய்ப் பேசினாள். சுவரை நான் சுத்தம் செய்ய வேண்டும். டிசம்பர் பதினைந்து வரை காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திறந்து, தாளில் எழுத வேண்டும். ஒழுங்காக நடந்தால் அந்த அம்மாள் அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவாள். கூடவே ஸொலோமியா ஒரு சின்னக் கருவியும் கொடுத்தாள், ஈரத்தை அளக்க. காற்று நன்றாக இருந்தால் அதில் ஒரு முகம் சிரிக்கும், ஈரம் கூடினால் முகம் சுளிக்கும்.

முதல் வாரம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன், சத்தியமாக. காகிதத்தைச் சுரண்டினேன். சுவரை நாற்றமடிக்கும் மருந்து போட்டுத் தேய்த்தேன். காலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு, தலையில் சால்வை சுற்றிக்கொண்டு, பனிக்காற்றில் பத்து நிமிடம் வெளிநாட்டுத் தூதரகத்து வாசலில் நிற்பவளைப் போல நின்றேன். சூடாக்கிய காற்றை வெளியே கொட்டிவிட்டு, மறுபடியும் சூடாக்குகிறார்கள்! இவர்களா சிக்கனக்காரர்கள்? ஐந்தாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் எனக்கு வேலை. ஈரப் போர்வையைத் தூக்கினால் கண்ணில் பூச்சி பறந்தது. சொன்னேனா இல்லையா, காற்று கொல்லும் என்று?

அதற்குப் பிறகு திறக்கவில்லை. எழுதினேன்.

எழுதுவதில் நான் கைதேர்ந்தவள். மிக்கொலாயிவ் டிராம் பணிமனையில் பத்தொன்பது வருடம். வண்டி வெளியே போகுமுன் பிரேக்கைச் சோதித்ததாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளும் யார் எழுதுவார்கள்? மாதத் தொடக்கத்தில் தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முப்பது நாளையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். மேலதிகாரிக்குத் தெரியும். அவருக்கு மேலதிகாரிக்கும் தெரியும். பிரேக்கும் பிடித்தது, பதிவேடும் நிறைந்தது, ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. தாள் என்பது நிரப்புவதற்கு. நிஜம் வேறு இடத்தில் இருக்கும். நான் வளர்ந்த இடத்தில் எல்லோரும் இப்படித்தான் நினைத்தோம்.

ஆகவே வியாழன் சோதனை முடிந்ததும் அடுத்த வியாழன் வரைக்கும் எழுதி வைப்பேன். ஏழு மணி இரண்டு நிமிடம், ஏழு நாலு, ஆறு ஐம்பத்தெட்டு. ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வருமே. இரண்டு பேனாகூட மாற்றினேன். அவள் வருவதற்கு அரைமணி முன்னால் அந்தக் கருவியைச் சூடான ஹீட்டர் மேல் வைத்துவிடுவேன். சூட்டில் ஈரம் குறைந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும்.

“பார்த்தீங்களா, முடியும்தானே?” என்றாள் ஹாபர்கோர்ன், இரண்டாம் வியாழன். முதல்முறையாக அவள் முகத்திலும் கொஞ்சம் சிரிப்பு. அன்று எனக்கு ஒரு ஜாடி ஆப்பிள் மசியல் கொடுத்தாள். எனக்கு வெட்கமாகவா இருந்தது? இல்லை. நன்றாக ஏமாந்தாள் என்று சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் பன்னிரண்டு, வியாழன். பனாஸ் போலந்து எல்லையில் நிற்பதாகச் செய்தி அனுப்பியிருந்தான். எனக்குக் கை கால் ஓடவில்லை. மாவு பிசைகிறேன், தரையைத் துடைக்கிறேன், கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளுகிறேன். அவன் வரும் நேரத்தில் பேனாவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று, மத்தியானமே மிச்சக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு, பதினைந்தாம் தேதி மாலை வரை. நாலு மணிக்கு அவள் வருவாள் என்பதை மறந்துவிட்டேன்.

வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னைக்கு என்ன கிழமை, ஃப்ராவ் கொஜுஹார்?”

“வியாழன்.” சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

“சனிக்கிழமை காலைல ஏழு மணி நாலு நிமிஷத்துக்கு ஜன்னலைத் திறந்திருக்கீங்க. ஏழு பதினாலுக்கு மூடியிருக்கீங்க.”

கையில் ஒட்டியிருந்த மாவைத் துண்டில் துடைத்தேன்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் திறந்துட்டீங்க. கையெழுத்து இருக்கு.” அவள் விரல் அந்தக் கட்டத்தில் நின்றது. “அப்ப போன வாரம்? அதுக்கு முந்தின வாரம்? எல்லாமே இப்படித்தானா?”

“சுவர் சுத்தமாத்தானே இருக்கு? போய்ப் பாருங்க!”

“நான் சுவரைப் பத்திப் பேசலை.”

“வேற எதைப் பத்தி? ஒரு தாள்! காத்துக்கு ஒரு தாள்! ஆள் செத்தாக்கூட எங்க ஊர்ல இவ்வளவு எழுத மாட்டாங்க!”

“சுவத்தைத் தேய்ச்சிடலாம். பெயின்ட் அடிச்சிடலாம்,” என்றாள், மெதுவாக. “என் முகத்தைப் பார்த்து மூணு வாரம் பொய் சொல்லியிருக்கீங்க. அதுவும் எழுதி, கையெழுத்துப் போட்டு. நடக்காத நாளுக்குக் கையெழுத்து.”

“நாளைக்குன்னு ஒண்ணு வரும்னு நம்பி எழுதினேனே, அதுக்கே நீங்க சந்தோஷப்படணும்!” என்று கத்தினேன். என் ஜெர்மன் ஓட்டைப் பானை. ஆனாலும் அன்றைக்கு ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தது. “மூணு வருஷமா எங்களுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போச்சு!”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு தாளைக் கதவிலிருந்து கிழிக்காமல், ஒட்டியதைப் பதமாக உரித்து எடுத்து, நான்காக மடித்துக்கொண்டாள்.

“யோசிச்சு சனிக்கிழமை சொல்றேன்,” என்று மாடியேறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். அவள் கண்ணில் படட்டும் என்றுதான். நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டு முறை தோட்டத்துப் பக்கம் போனாள், தலையைத் திருப்பவே இல்லை. மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வானொலி பாடியது, கதவு திறக்கவில்லை. ஸொலோமியாவைக் கூப்பிட்டேன்.

“எழுதினதைத்தான் அவங்களால ஜீரணிக்க முடியலையாம்,” என்றாள். “கெஞ்சிப் பார்த்தேன்க்கா. சனிக்கிழமைக்கு முன்னாடி வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க.”

“ஒரு தாளுக்காகவா?”

“இங்க தாள்னா வாக்கு மாதிரி. எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?”

சனிக்கிழமை பேருந்து நிலையத்துக்கு ஸொலோமியாதான் காரில் அழைத்துப் போனாள். பனாஸ் ஊன்றுகோலோடு படியிறங்கினான். பாதி ஆளாகிவிட்டிருந்தான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன், அவன் ஒரு கையால் என்னைப் பிடித்தான், இன்னொரு கை ஊன்றுகோலை விட முடியவில்லை. இரண்டு பேரும் அழுதோம். ஸொலோமியா மறுபக்கம் திரும்பிக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்பதாக நடித்தாள்.

வீட்டை நான் அடுப்பு மாதிரி சூடாக்கி வைத்திருந்தேன். மருத்துவமனையிலிருந்து வருகிற ஆள். ஒரு துளிக் காற்றும் படக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் மூடி, கீழே துண்டைச் சுருட்டியும் வைத்திருந்தேன். படியில்லாத வாசலில் அவன் ஊன்றுகோலைத் தட்டி, “அட, தேர் ஓட்டலாம் போல இருக்கே,” என்றான். பீட்ரூட் சூப் ஊற்றினேன். நான்கு கரண்டி குடித்தான். நெற்றி வேர்த்தது. எழுந்துவிட்டான்.

“என்ன வேணும்? நான் எடுத்துத் தரேன்.”

“ஜன்னல். இதை எப்படித் திறக்கறது?”

“வேண்டாம் பனாஸ், காத்து அடிக்கும்!”

அவன் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தான், தள்ளினான், அது அசையவில்லை. வெளியே ஹாபர்கோர்ன் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், சனிக்கிழமை அல்லவா, இங்கே எல்லோரும் வாசல் பெருக்குகிற நாள். ஜன்னலோடு மல்லுக்கட்டும் ஆளைப் பார்த்தாள். துடைப்பத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் காற்றில் திருப்பிக் காட்டினாள்: பக்கவாட்டில் திருப்பு. அவன் திருப்பினான். ஜன்னல் அகலமாகத் திறந்தது. குளிர் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது.

அவன் தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்து மூச்சு இழுத்தான். தோள் ஏறி இறங்கியது.

“ஏழு மாசம்,” என்றான். “ஆஸ்பத்திரி ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சிருந்தாங்க, கண்ணாடி சிதறும்னு. பதினோரு பேர் ஒரு அறையில. சீழ் நாத்தம். பகலா ராத்திரியான்னு நர்ஸைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.”

“ஜன்னலோரக் கட்டில்னு போன்ல சொன்னியே!”

“ஜன்னலோரக் கட்டில்தான்,” என்று சிரித்தான். “பலகை பக்கத்துலயே.”

எனக்கு எங்கே அடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. இவனுக்காகத்தான் ஒட்டினேன், இவனுக்காகத்தான் பொய் எழுதினேன், இவனுக்காகத்தான் அவளோடு சண்டை போட்டேன். இத்தனை நாள் அவள் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து என் தலையிலேயே விழுந்தது.

ஹாபர்கோர்ன் ஜன்னலுக்கு அருகே வந்துவிட்டாள். மடித்துக் குத்திய கால்சட்டையை ஒரு கணம் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. பிறகு அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஃப்ராவ் கொஜுஹார், சனிக்கிழமை சொல்றேன்னு சொன்னேன். சொல்லிடறேன். முப்பத்தொண்ணுன்னா முப்பத்தொண்ணுதான். இவர் வந்த அன்னைக்கே சொல்லவேண்டியிருக்கு, எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா என் கீழ்வீட்டுல யார் இருக்காங்கன்னு எனக்கு நம்பிக்கை வேணும். அது போயிடுச்சு.”

பனாஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான், புன்னகையோடு. அவனுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தையும் தெரியாது.

“என்ன சொல்றாங்க?”

“நல்லபடியா வந்து சேர்ந்தீங்களான்னு கேக்கறாங்க,” என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்கன்னு சொல்றாங்க.”

அவன் கண் நிறைந்துவிட்டது. ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, ஒரு கையால் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நிமிர்ந்து நின்றான். மறு கையை நெஞ்சில் வைத்தான்.

“நன்றின்னு சொல்லு நேல்யா. ஒப்புக்குச் சொல்லாத. நல்லா சொல்லு.”

ஆப்பிள் மசியல் கொடுத்தபோதுகூட நான் அவளுக்கு வாய்திறந்து நன்றி சொன்னதில்லை. ஊரெல்லாம் எதிர்பார்க்கிறதே என்ற வீம்பிலேயே சொல்லாமல் இருந்தேன். இப்போது அவன் காத்துக்கொண்டிருந்தான்.

“நன்றி, ஃப்ராவ் ஹாபர்கோர்ன்,” என்றேன். “ரொம்ப நன்றி. நீங்க செஞ்ச எல்லாத்துக்கும்.”

அவள் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள். “என்னைக் கேலி பண்றீங்களா?”

“இல்ல. அவர் சொல்லச் சொன்னார்.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கை இன்னும் நெஞ்சில் இருந்தது. அவனிடம் நான் வேறெதையோ சொல்லியிருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பெருக்கிய குப்பையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“என்ன, போயிட்டாங்க?” என்றான் பனாஸ்.

“குளிருதாம்.”

“பாவம், வயசானவங்க. நீயும் கோட்டைப் போட்டுக்க. ஜன்னல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றேன். அவன் தெருவில் போகிற ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது சொல்வது என்று யோசித்தேன். பதினேழு நாள் இருந்தது.